சுறுசுறுப்பு: நான்கு

சாயல்குடிச் சந்தைத் திடலில்
சுண்ணாம்புக் கோட்டுக்குள் நான்.
கழுத்தில் அட்டை: நடுவர்.
கையில் அளவுகோல், மதிப்பெண் தாள்,
தொப்பியைப் பறிக்கப் பார்க்கும் கச்சான் காற்றோடு
காலையிலிருந்து மல்லுக்கட்டு.

'வேலைக்கார நாய்கள், சிறியவை' என்று
இந்த வருடம் புதிதாக ஒரு பிரிவு.
முழங்காலைத் தாண்டி வளராதவை,
பொந்துக்குள் தலை விட யோசிக்காதவை.
தாளை அச்சடித்தவர்
எலியை நேரில் பார்த்திருக்கமாட்டார்:
நிறத்துக்குப் பத்து. வால் நிற்கும் விதத்துக்குப் பத்து.
பல்லுக்கு, நடைக்கு, சுறுசுறுப்புக்கு.

ஒன்பதாம் எண்,
பெரியபட்டினம் செய்யது காசிம் கொண்டுவந்தது.
ஷாம்பு மணம். சந்தன நிறம்.
உதட்டைத் தூக்கினால் நாற்பத்திரண்டு பல்லும்
பிரேயரில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி.
ஓடச் சொன்னேன்.
நிழலும்கூட அழகாக ஓடியது.
விசில் பறந்தது.

பிறகு பதினேழு.
மூக்கையூர் ரொசாரியம்மா.
கருவாட்டு வாசம் முதலில் வந்தது,
அடுத்து அவள், கடைசியில் நாய்.
கழுத்தில் பழைய வலைக் கயிறு.
இடது காது பாதிதான்,
அந்தப் பாதியும் கிழிந்த பனையோலை விளிம்பு.
மூக்கின் மேல் கோடு கோடாகத் தழும்பு,
பழையவை வெள்ளை, போன வாரத்தது சிவப்பு.
கோரைப்பல் ஒன்று முறிந்து மழுங்கியிருந்தது.
எண்ணலாம் என்று வாயைத் திறந்தேன்.
கொட்டாவி விட்டது,
என் கைக்குள்ளேயே.

நடக்கச் சொன்னேன். நடந்தது,
ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோனது
தெரிந்த ஆள் மாதிரி.
நிற்கச் சொன்னேன். உட்கார்ந்தது.
கூட்டம் சிரித்தது.
சுறுசுறுப்புக் கட்டத்தில் நான்கு போட்டேன்,
அதுவும் இரக்கப்பட்டு.

"ராத்திரி பூரா ஷெட்டுல கெடந்துச்சு டாக்டர்"
என்றாள் ரொசாரியம்மா.
மன்னிப்புக் கேட்கும் குரல் இல்லை,
கணக்கு ஒப்பிக்கும் குரல்.
"பதினோரு எலி. ரெண்டு பெருச்சாளி.
வெள்ளாப்புலதான் வெளிய வந்துச்சு.
அதுக்கு இது நடுச்சாமம்."

அண்ணாந்து பார்த்தேன்.
உச்சிக்கு வரப்போகும் சூரியன்.
கீழே, கண் மூடிய நாய்
காதை மட்டும், அந்தப் பாதிக் காதை மட்டும்,
மேடைக்கு அடியில் ஏதோ ஒன்றின் பக்கம்
திருப்பி வைத்திருந்தது.

குனிந்து இன்னொரு முறை தடவிப் பார்த்தேன்.
விலா, தொடை, வாலடி,
முதுகு முழுக்க ஒரு கீறல் இல்லை.
வாங்கியதெல்லாம் முகத்தில்.
விழுப்புண்ணுக்கு
என் தாளில் கட்டம் இல்லை.
ஓரத்தில் ஒன்று வரையலாமா?
பேனாவை எடுத்தேன்.
கோட்டுக்கு வெளியே செய்யது காசிம்
என்னைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.
அவரும் நல்ல மனிதர்,
அந்த நாயும் நல்ல நாய்,
வெயிலில் இத்தனை நேரம் நாக்குத் தொங்க நின்றதே.

கோப்பை ஒன்பதுக்கு.
பதினேழுக்கு இரண்டாம் பரிசு,
ஒரு எவர்சில்வர் வாளி, ஒரு சான்றிதழ்.
நான்கை நான் திருத்தவில்லை.
எதனால் என்று
பரமக்குடி வரை பேருந்தில் யோசித்தேன்.

ரொசாரியம்மா வாளியைத் தட்டிப் பார்த்தாள்.
கனமான வாளிதான்.
"ஷெட்டுக்காரரு ராத்திரிக்கு நாப்பது ரூவா தர்றாரு டாக்டர்.
மொதப் பரிசுன்னா அறுவது கேக்கலாம்னு
வேலைய விட்டுட்டு வந்தேன்.
ரெண்டாவதுன்னா எவ்வளவு கேக்க?"

உயரம் அளக்கத் தெரியும் எனக்கு,
எடை பார்க்கத் தெரியும்,
புழு மருந்துக்கு அளவு சொல்லத் தெரியும்.
அவள் காத்திருந்தாள்.
அவள் காலடியில் நாய் தூங்கிவிட்டிருந்தது.

கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டு
சீலையும் அழுத்திக் குத்தினேன்.
"அம்பத்தஞ்சு கேளுங்க.
பெருச்சாளிக்குத் தனி."